ஆராய்ச்சி மாணவரின் முறையீடும் மேல்முறையீடும்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த மறுநாள் தொட்டு இரண்டு சொற்கள் மாணவர் வாயில் அடிபடத் தொடங்கும். ஒன்று மறுகூட்டல், மற்றொன்று மறுமதிப்பீடு. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளிப் பணியிலிருந்த நான், இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி வந்து நின்ற பெற்றோர் பலரைக் கண்டதுண்டு. தேர்வாளர் இட்ட மதிப்பெண்களைக் கூட்டியதில் பிழை உண்டா, ஏதேனும் ஒரு விடை திருத்தப்படாது விடுபட்டதா என்று பார்ப்பது மறுகூட்டல். விடையின் தகுதியையே வேறொருவர் கண்கொண்டு மீண்டும் அளப்பது மறுமதிப்பீடு. முன்னது வேலை நடந்த முறையைப் பற்றியது. பின்னது தீர்ப்பைப் பற்றியது.

பள்ளி மாணவருக்கு இவ்வேறுபாடு சில மதிப்பெண்களுக்கு உரிய செய்தி. பட்ட மேற்படிப்பைக் கடந்து, பிஎச்.டி. பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கோ அது வாழ்நாளில் மூன்று நான்கு ஆண்டுகளின் பயனை முடிவு செய்வதாகும். அத்தகைய மாணவருக்குக் குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? தீர்ப்புப் பாதகமாக வந்தால் எதன் பேரில் மேல்முறையீடு செய்வது? இக்கேள்விகளை இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளின் பல்கலைக் கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன். காரணம் இரண்டு. 1857-இல் நிறுவப்பட்ட நம் சென்னைப் பல்கலைக் கழகமே இலண்டன் பல்கலைக் கழகத்தின் அமைப்பைப் பின்பற்றி எழுந்தது. ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுட் பலர் அந்நாட்டிற்கு ஆராய்ச்சி செய்யவும் செல்கின்றனர். மேலும், இத்துறையில் அவர்கள் நெடுங்காலம் இடறி விழுந்து எழுந்து, பின்னரே ஒரு தெளிவான முறையை எழுதி வைத்துள்ளனர். அவர்கள் இடறிய இடங்களை அறிவதும் நமக்குப் பயன் தரும்.

முதலில் ஆராய்ச்சி மாணவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கல்லூரி மாணவருக்கு ஆசிரியர் பலர். ஒருவர் சரியாக நடத்தாவிடினும் இன்னொருவர் உண்டு. நூலும் தோழரும் உண்டு. ஆராய்ச்சி மாணவருக்குப் பாட வேளை இல்லை, வகுப்பு மணி இல்லை. நெறியாளர் ஒருவரே அவருக்கு வழிகாட்டி. துணை நெறியாளர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் இப்போது பரவியிருப்பினும், நாள்தோறும் நாடுவது முதல்வரையே. கருவியைப் பயன்படுத்த அவர் இசைவு வேண்டும். கட்டுரையை வெளியிட அவர் கருத்து வேண்டும். பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவரே பரிந்துரைக் கடிதமும் தர வேண்டும். ஒருவர் கையில் இத்தனையும் குவிந்திருக்கும்போது, அவரோடு மனவேறுபாடு தோன்றினால் மாணவர் வாய் திறக்க அஞ்சுவது இயல்பே. குருவைக் குறை கூறுதல் பிழை என்னும் எண்ணத்தில் வளர்ந்த நம்மவருக்கு அவ்வச்சம் இரு மடங்கு.

இனி முறையீடு, மேல்முறையீடு என்னும் இரண்டையும் பிரித்துக் காண்போம். பேச்சு வழக்கில் நாம் புகார் என்பதுதான் முறையீடு. நெறியாளர் மாதக்கணக்கில் சந்திக்கவில்லை, வாக்களித்த ஆய்வுக்கூட வசதி கிடைக்கவில்லை, ஒருவர் இழிவாக நடத்தினார், பாகுபாடு காட்டினார் என்பன போன்றவை முறையீட்டுக்கு உரியவை. மேல்முறையீடு என்பது முடிவு ஒன்றை எதிர்ப்பது: ஆய்வேடு தள்ளப்பட்டது, பிஎச்.டி.க்கு மாறாக அதனினும் தாழ்ந்த எம்.ஃபில். பட்டமே வழங்கப்பட்டது, இடையாண்டு மதிப்பீட்டில் ஆராய்ச்சியைத் தொடரத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டது என்பன போன்றவை. முறையீடு நிகழ்ச்சியைப் பற்றியது. மேல்முறையீடு முடிவைப் பற்றியது. இரண்டிற்கும் வெவ்வேறு விண்ணப்பம், வெவ்வேறு குழு, வெவ்வேறு காலவரையறை. ஒன்றைக் கொண்டு போய் மற்றொன்றின் வாயிலில் நிறுத்தினால் கதவு திறவாது.

பழங்காலத்தில் அந்நாட்டுக் கல்லூரிகளில் ‘விசிட்டர்’ என்றோர் அதிகாரி உண்டு. பெயரளவில் வந்து பார்வையிடுபவர்; உண்மையில் கல்லூரியை நிறுவியவரின் இடத்தில் இருந்து உட்பூசல்களைத் தீர்க்கும் நீதிபதி. ஆயர்களும் அரசரும் இப்பதவியை வகித்தனர். ஆக்ஸ்போர்டில் எக்சிட்டர் கல்லூரியின் தலைவரை அதன் விசிட்டராகிய ஆயர் பதவி நீக்கியபோது வழக்கு எழுந்து, விசிட்டரின் தீர்ப்பில் நீதிமன்றம் தலையிடலாகாது என்று 1694-இல் முடிவாயிற்று. அக்கோட்பாடு முந்நூறு ஆண்டு நின்றது என்றால் வியப்பாக இல்லையா? 1987-இல் பிராட்ஃபோர்டு பல்கலைக் கழகம் பற்றிய வழக்கிலும் பிரபுக்கள் சபை அதனையே உறுதி செய்தது. மாணவருக்கு நீதிமன்றக் கதவு அடைப்பு. விசிட்டரின் கதவோ மெல்லத் திறக்கும், சில வேளை திறக்கவே திறக்காது.

1992-க்குப் பின் பல்கலைக் கழகத் தகுதி பெற்ற புதிய நிறுவனங்கள் பலவற்றில் விசிட்டர் என்று எவரும் இல்லை. அவற்றின் மாணவர் எங்கே போவர்? லிங்கன்ஷயர், ஹம்பர்சைடு பல்கலைக் கழகத்தின் பட்டப் படிப்பு மாணவி ஒருவர் நீதிமன்றத்திற்கே போனார். தம் கட்டுரை கணினியில் அழிந்து போகவே அவர் அவசரமாக ஒன்றைச் சமர்ப்பித்தார். அது நூலொன்றைப் பார்த்து எழுதியது என்று குற்றஞ்சாட்டி, முடிவில் சுழியம் வழங்கினர். 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வழக்கில் சொன்னது நம் பொருளுக்கு அடிப்படையானது. பல்கலைக் கழகத்திற்கும் மாணவருக்கும் இடையே உள்ளது ஓர் ஒப்பந்தம். பல்கலைக் கழகம் தன் விதியை மீறினால் வழக்குத் தொடரலாம். ஆனால் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் தகும் என்ற புலமைத் தீர்ப்பில் நீதிமன்றம் புகாது. அதோடு இன்னொன்றும் சொன்னது: ஒப்பந்த வழக்கிற்குச் சட்டப்படி ஆறு ஆண்டு இடமிருப்பினும், காரணமின்றிக் காலம் தாழ்த்தி வந்தவரின் தாமதத்தையும் நீதிமன்றம் கணக்கிற் கொள்ளலாம்.

இதன் பின்னர், 2004-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் மாணவர் முறையீடுகளை விசிட்டரின் அதிகாரத்திலிருந்து எடுத்துவிட்டது. உயர்கல்விக்கான சார்பற்ற தீர்ப்பாளர் அலுவலகம் என்னும் பொது அமைப்பு அப்பணியை ஏற்றது. அது ரெடிங் நகரில் உள்ளது. மாணவர் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. செலவைப் பல்கலைக் கழகங்களின் சந்தா ஏற்கிறது. செலவைக் கொடுப்பவர் பக்கம் சாயாதா என்று நீங்கள் கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஓரளவு விடை 2007-இல் கிடைத்தது. அவ்வலுவலகத்தின் முடிவுகளும் நீதிமன்றத்தின் மறுஆய்வுக்கு உட்பட்டவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்திற்கும் வட அயர்லாந்திற்கும் தனித்தனிக் குறைதீர்ப்பாளர் உளர். அங்குப் படிக்கச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக.

புலமைத் தீர்ப்பு என்ற சொல்லை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் பெரும்பாலான மேல்முறையீடுகள் இக்கல்லில் மோதியே உடைகின்றன. பிஎச்.டி. ஆய்வேட்டை வழக்கமாக இரு தேர்வாளர் படிப்பர். ஒருவரேனும் வெளிப் பல்கலைக் கழகத்தவராக இருப்பார். பின்னர் மாணவரை நேரில் அழைத்து வாய்மொழித் தேர்வு நடத்துவர். “இவ்வாய்வின் முறை போதாது, சான்றுகளிலிருந்து இம்முடிவு பெறப்படவில்லை” என்று அவர்கள் எழுதினால் அது புலமைத் தீர்ப்பு. அதனை எதிர்த்து, “என் முறை போதும்” என்று நாற்பது பக்கம் எழுதினாலும் மேல்முறையீட்டுக் குழு அதனுள் புகாது. சார்பற்ற தீர்ப்பாளரும் புகார். 2004-ஆம் ஆண்டுச் சட்டமே புலமைத் தீர்ப்பை அவருடைய எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. அந்நூலைப் படித்து அளக்கும் புலமை அக்குழுவினருக்கு இல்லை என்பதே இதன் நியாயம். என் கருத்தில் இது பொருத்தமான நியாயமே. தோற்ற ஒவ்வொருவரும் தேர்வை மீண்டும் கேட்கலாம் என்றால் தேர்வென்று ஒன்று நில்லாது.

ஆனால் தேர்வாளர் ஒருவர் மாணவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர். அல்லது அவருடன் பகை கொண்டவர். விதிப்படி ஒவ்வொரு தேர்வாளரும் முன்கூட்டித் தனித்தனியே அறிக்கை தர வேண்டியிருக்க, ஒருவர் தரவே இல்லை. வாய்மொழித் தேர்வன்று மாணவர் மருத்துவமனையிலிருந்து நேரே வந்தார். தக்க காரணத்தால் அதனை முன்னரே சொல்ல இயலவில்லை. இவையெல்லாம் புலமைத் தீர்ப்பல்ல. நடைமுறைப் பிழை, சார்பு, முன்னர் வெளிப்படாத இடர் என்னும் மூன்றனுள் அடங்குவன. மேல்முறையீட்டுக்குப் பொதுவாக ஏற்கப்படும் காரணங்கள் இவையே. பள்ளி மாணவருக்கு விளங்கச் சொன்னால், அங்கே மறுகூட்டலுக்கு நிகரானது உண்டு. மறுமதிப்பீட்டுக்கு நிகரானது இல்லை.

இப்போது மிக நுட்பமான இடத்திற்கு வருகிறோம். ஒரு மாணவியைக் கற்பனை செய்து கொள்வோம். வேதியியலில் ஆராய்ச்சி. இரண்டாம் ஆண்டில் நெறியாளர் நீண்ட விடுப்பில் சென்றார். பதிலாக எவரும் அமர்த்தப்படவில்லை. ஆய்வுக் கருவி ஒன்று ஐந்து மாதம் பழுதாய்க் கிடந்தது. மாணவி பொறுத்துக் கொண்டார். ஆண்டறிக்கையில், “நெறியாளரின் வழிகாட்டல் நிறைவாக உள்ளதா?” என்ற கட்டத்தில் “நிறைவு” என்றே எழுதினார், அவ்வறிக்கையை நெறியாளரும் படிப்பாரே என்ற தயக்கம். ஆய்வேடு முடிந்தது, தேர்வாளர்கள் எம்.ஃபில். பட்டமே தகும் என்றனர். இப்போது அவர், “எனக்கு வழிகாட்டலே கிட்டவில்லை, ஆகவே முடிவை மாற்றுங்கள்” என்று மேல்முறையீடு செய்கிறார். அவர் கூறுவது முழு உண்மை. எனினும் குழு என்ன கேட்கும்? “அன்று ஏன் சொல்லவில்லை?” பல பல்கலைக் கழகங்களின் விதிகளே, வழிகாட்டலில் உள்ள குறையை அது நேரும் காலத்தில் முறையீடாகக் கொணர வேண்டும் என்றும், தேர்வு முடிவுக்குப் பின் அது மேல்முறையீட்டுக் காரணமாகாது என்றும் கூறுகின்றன. தக்க காரணத்தால் முன்னரே சொல்ல இயலாமற் போயிற்று என்று நிறுவினால் மட்டுமே விலக்கு.

இவ்விதி கொடியதோ என்று தோன்றும். பாதி கொடியதுதான். அச்சத்தால் வாய் மூடியிருந்தவரை நோக்கி “ஏன் வாய் திறக்கவில்லை” என்று கேட்பது எளிது. ஆனால் மறுபாதியையும் நோக்குங்கள். கருவி பழுதான மாதத்திலேயே சொல்லியிருந்தால், வேறு ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றிருக்கலாம். காலக்கெடு நீட்டிப்புக் கிடைத்திருக்கலாம். மாற்று நெறியாளர் அமர்த்தப்பட்டிருக்கலாம். ஆய்வேடே வேறாக அமைந்திருக்கும். தேர்வுக்குப் பின் குழு எதைக் கொடுக்க முடியும்? எழுதப்படாத அதிகாரங்களை அது எழுதித் தர இயலாது.

எனவே முதற் சொல்லை எப்போது, யாரிடம் சொல்வது என்பதுதான் இப்பொருளின் உயிர்நிலை. நெறியாளரிடமே சொல்லலாம், பல குறைகள் ஒரு தெளிவான உரையாடலில் தீர்ந்து போகும். அவரிடம் சொல்ல முடியாத குறையாயின், துறையில் ஆராய்ச்சி மாணவர்க்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். பல்கலைக் கழக நிருவாகத்திற்கு உட்படாமல் அறிவுரை கூறும் மாணவர் சங்க அலுவலர்களும் பெரும்பாலான இடங்களில் உளர். சங்கமென்றவுடன் நம் ஊர்க் கொடியும் ஊர்வலமும் நினைவுக்கு வரும்; அங்கே இவ்வலுவலர் செய்வது விதிநூலைப் புரட்டி மனு எழுத உதவுவதாகும்.

பேச்சினால் தீராதபோது எழுத்து மூலமான முறையீடு. அதன் முடிவு மனநிறைவு தராவிடின் பல்கலைக் கழகத்திற்குள்ளேயே மறுஆய்வு. இவ்வாறு மூன்று படி. எழுத்து மூலம் தொடங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் இவை முடிதல் நன்று என்று தீர்ப்பாளர் அலுவலகத்தின் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. மேல்முறையீட்டுக்கு மாணவருக்குத் தரப்படும் காலமோ மிகக் குறுகியது. சில இடங்களில் பத்து வேலைநாள், சில இடங்களில் ஒரு மாதம். தோல்விச் செய்தி வந்த துயரிலேயே அக்காலம் கரைந்துவிடும். ஆதலால் சேர்ந்த ஆண்டிலேயே விதிநூலின் அப்பக்கத்தைப் படித்து வைத்தல் நலம்.

உள்முறைகள் எல்லாம் முடிந்ததும் பல்கலைக் கழகம் நடைமுறை முடிவுக் கடிதம் ஒன்று தரும். அக்கடிதத்தின் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் சார்பற்ற தீர்ப்பாளரிடம் போகலாம். 2015 வரை அது மூன்று மாதமே. அங்குப் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே ஆராய்வர் ஆதலின், தாய்நாடு திரும்பிய மாணவரும் இங்கிருந்தே முறையிடலாம். விசா முடிந்து ஊர் திரும்பும் நம் மாணவருக்கு இது சிறு செய்தியன்று. 2023-ஆம் ஆண்டில் அவ்வலுவலகத்திற்கு வந்த முறையீடுகள் 3,000-க்கு மேல். அண்மை ஆண்டுகளில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ மாணவர் பக்கம் முழுதுமோ ஓரளவோ சாதகமாக முடிந்துள்ளன. தீர்ப்பாளர் கூறுவது பரிந்துரையே. ஆயினும் அதற்கு இணங்காத நிறுவனத்தின் பெயர் வெளிப்படும் என்ற அச்சம் போதிய காவலாக இருந்து வருகிறது.

மனு எழுதுவது பற்றி ஆசிரியன் என்ற முறையில் சில சொற்கள். நம் மாணவர் மனுக்களில் அடைமொழி மிகுதி, தேதி குறைவு. “பேராசிரியர் என்னைப் பெரிதும் புறக்கணித்து மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்” என்ற வாக்கியத்தைப் படிக்கும் குழு இரங்கும். ஆனால் எதையும் முடிவு செய்ய இயலாது. “விதிப்படி மாதம் ஒரு சந்திப்பு நடைபெற வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்தில் ஒரு சந்திப்பே நடந்தது. நவம்பர் 4, டிசம்பர் 12 ஆகிய நாட்களில் நேரம் கேட்டு எழுதினேன். கடிதப் படிகளை இணைத்துள்ளேன். இதனால் மூன்றாம் அதிகாரம் நான்கு மாதம் தாமதமாயிற்று” என்று எழுதினால், விதியும் மீறலும் சான்றும் விளைவும் சில வாக்கியங்களில் வந்துவிட்டன. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் மறக்கின்றனர். உமக்கு என்ன வேண்டும்? கால நீட்டிப்பா, மாற்று நெறியாளரா, கட்டணத்தில் ஒரு பகுதியா, புதிய தேர்வாளர்களைக் கொண்டு மறுதேர்வா? கேட்கப்படும் பொருள் குழுவின் அதிகாரத்துள் இருக்க வேண்டும். “எனக்குப் பட்டம் தருக” என்பது அவ்வதிகாரத்துள் இல்லை. மேல்முறையீடு முழு வெற்றி பெற்றாலும், பழைய முடிவு நீக்கப்பட்டு மீண்டும் தேர்வு நடக்கும். பட்டத்தைப் பின்னரும் ஆய்வேடுதான் ஈட்டித் தர வேண்டும். இதனை அறியாது போரிட்டு, வென்ற பின் மனம் உடைந்தவரும் உண்டு.

சான்று என்றால் பெரிதாக எண்ண வேண்டா. ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும், “இன்று பேசியவை இவை, அடுத்து நான் செய்ய வேண்டுவது இது” என்று நெறியாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவதே போதும். இது புகாருக்காகச் செய்யும் வேலையன்று. நல்ல ஆராய்ச்சிக்கே வேண்டுவது. பின்னாளில் தேவை நேர்ந்தால் அதுவே சான்றாகி நிற்கும்.

நிற்க. நம் நாட்டில் நிலை என்ன என்று கேட்பீர்கள். பல்கலைக் கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிகளைப் புதிதாக வெளியிட்டது. அவற்றின்படி ஒவ்வொரு நிறுவனமும் மாணவர் குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும். அக்குழு 15 வேலைநாட்களுக்குள் தன் அறிக்கையைத் தர முயல வேண்டும். அம்முடிவில் நிறைவில்லாத மாணவர் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் தீர்க்க முயல்வார். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, மூத்த பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்றவரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அப்பதவிக்கு உரியவர். மதிப்பீட்டில் குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ காட்டப்பட்டாலன்றி மறுமதிப்பீட்டு வேண்டுகோளை அவர் ஏற்கலாகாது என்று இவ்விதிகளும் கோடு கிழித்துள்ளன. கடல் கடந்த நாட்டில் வழக்காடி வழக்காடிக் கண்ட எல்லைக்கோடே இங்கும் இருப்பதைக் காண்கிறீர்கள்.

ஆய்வேடு பற்றி மட்டும் நம் விதியில் ஒரு சிறப்பு உண்டு. 2022-ஆம் ஆண்டின் பிஎச்.டி. விதிகளின்படி, புறத் தேர்வாளருள் ஒருவர் ஆய்வேட்டைத் தள்ளினால், ஏற்கப்பட்ட பட்டியலிலிருந்து வேறொரு தேர்வாளருக்கு அதனை அனுப்ப வேண்டும். அவர் ஏற்றால் வாய்மொழித் தேர்வு நடைபெறும். மாணவர் கேளாமலே இரண்டாம் கண் ஒன்று கிடைக்கிறது. அவ்விதிகளிலேயே இன்னொரு பிரிவு உள்ளது. அதைத்தான் மாணவர் அதிகம் கவனிக்கக் காணோம். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி, வேலை எவ்வளவு நடந்தது என்று எடுத்துரைக்க வேண்டும். நெறியாளர் ஒருவரோடு அடைபட்டுக் கிடக்கும் மாணவர், வேறு பேராசிரியர் முன்னிலையில் பேச வாய்க்கும் வேளை அது. கருவி பழுதாய்க் கிடப்பதையும், நெறியாளரைக் காண இயலாததையும் அங்கே சொன்னால் அறிக்கையில் ஏறும். அவ்வறிக்கையின் படியொன்று மாணவர் கைக்கும் வர வேண்டும் என்று விதி இருக்கிறது.